யோசித்தால் அணையும் போர்ட்

பரீட்சைக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வேறு தேர்வு மையமாக இருந்தால் அது தாராளமான நேரம். எங்கள் மையத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே கணினிகளுக்குச் சீல் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு ஒரு செட்டிங்கைத் தொடுவதென்றாலும் மேலாளர் சீலைத் திறக்க வேண்டும். அவர் இதுவரை திறந்ததில்லை.

சீல் என்றால் அரக்கும் நூலும் இல்லை. தேர்வுக் கூடத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே மாஸ்டர் காப்பியிலிருந்து எழுகின்றன. ஒரு கணினியை அணைத்துப் போட்டால் அதில் செய்த மாற்றமெல்லாம் மறந்துபோகும். மாஸ்டரில் இருப்பதுதான் மறுபடி வரும். நிலைக்கிற மாற்றம் வேண்டுமென்றால் மாஸ்டரில் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு பாஸ்வேர்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று மேலாளரிடம். சீல் வைத்த பிறகு அவர் தன்னுடையதைத் தட்ட மாட்டார்.

அவர் இல்லாத நேரத்தில் அவரைப் பூட்டு சார் என்போம். நான் சேர்வதற்கு முன்பு யாரோ ஒரு தேர்வர் பென் டிரைவோடு கூடத்துக்குள் வந்துவிட்டாராம். மறுநாளே பூட்டு சார் சூடான பசைத் துப்பாக்கியோடு வந்து, மவுஸும் கீபோர்டும் செருகியது போக மீதி யூஎஸ்பி போர்ட்களை எல்லாம் தன் கையாலேயே அடைத்தார். போகிற போக்கில் செருகியிருந்த சில மவுஸ்களையும் சேர்த்து ஒட்டிவிட்டார். அவை பழுதானபோது வயரை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. நேர்காணலில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"பசை இல்லாம அடைக்க முடியுமா?"

"முடியும்" என்றேன்.

அன்று நான் பேசியது அவ்வளவுதான். வேலை கிடைத்தது.

எனக்குப் பொதுவாகப் பேச்சு வராது. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட இரண்டு முறை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பேன். ஆனால் போர்ட்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் கிடையாது. ஒரு சாதனத்தைச் செருகியதும் அது சிஸ்டத்திடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்: இன்ன நிறுவனம், இன்ன மாடல், சில சமயம் இன்ன வரிசை எண். எங்கள் பட்டியலில் இருந்தால் உள்ளே விடுவேன். இல்லாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான். பசையைவிட இது சுத்தம்; பழைய பசையையும் நான் வந்ததும் சுரண்டி எடுத்தாயிற்று.

அந்தப் பட்டியலில்தான் இந்தத் தடவை ஒரு பிரெய்ல் பலகையைச் சேர்த்திருந்தேன். பார்வையில்லாத ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான பரீட்சை எழுதுகிறார், அவருடைய சொந்தப் பலகையைப் பயன்படுத்தலாம் என்று தேர்வு வாரியம் அனுமதி அனுப்பியிருந்தது. காதில் மாட்டிக் கேட்டால் ஆகாதா என்று பூட்டு சார் கேட்டார். ஹெட்ஃபோனைத் தடை செய்தவர் அவரேதான் என்று நினைவுபடுத்தினேன். அத்தோடு விட்டுவிட்டார்.

பலகை பழைய மாடல். வரிசை எண் சொல்லாது. அப்படிப்பட்ட சாதனத்தை எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சிஸ்டம் அடையாளம் காணும். பூட்டு சாருக்கு அதில் சந்தோஷம்.

"ரொம்ப நல்லதும்மா. ஒரே பெட்டி, ஒரே போர்ட். பக்கத்துப் போர்ட்டுக்குக்கூட வேண்டாம்."

அப்படியே செய்து, சீலும் வைத்தோம். அன்று ஒத்திகைக்கு அந்தத் தேர்வரும் அவருடைய அக்காவும் வந்தார்கள்.

முதலில் வந்தது குரல்தான்.

"படி வருது, படி வருது. வலது கால வை. ம், உள்ள போ, உள்ள போ. வழியில நிக்காத."

"அக்கா, இது பஸ் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்டா. இங்கயும் ஒரு சீட்டுக்குத்தான் இத்தனை பேர் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

அக்கா பேருந்து நடத்துநர். பணி முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். தோளில் தோல் பை. அவர் முழங்கையைப் பிடித்தபடி தம்பி. முப்பது வயதைத் தாண்டியவர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் ஏதோ நல்ல சேதி கேட்டுவிட்டு வந்தவரைப் போல ஒரு தெளிவு.

"சிஸ்டம் பாக்குறவங்க எங்க?" என்று அக்கா கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. தம்பிக்குக் கேட்டது.

"உன் முன்னாடிதான் நிக்கிறாங்க."

"இந்தப் பொண்ணா? நான் யாரோட பொண்ணோ லீவுக்கு வந்திருக்குன்னு நினைச்சேன். சாப்பிடுறியாம்மா நீ?"

"அக்கா!"

"கேட்டா என்னடா? டிக்கெட்டா கேட்டேன்?"

சுவரோரக் கடைசி இருக்கையில் தம்பியை உட்கார வைத்தேன். பழைய சீருடைத் துணியில் தைத்த உறையிலிருந்து பலகையை எடுத்தார். நீளமான சப்பைப் பெட்டி. மேலே ஒரு வரிசைத் துளைகள். திரையில் இருக்கிற வரி அந்தத் துளைகள் வழியே சின்னச் சின்ன ஊசிமுனைகளாக எழும்பும். விரலால் தடவிப் படிக்கலாம். ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி. இடது போர்ட்டில் நானே செருகினேன். முனைகள் எழுந்தன.

"பல்லு முளைச்சிடுச்சு" என்றார் அவர்.

மாதிரிப் பத்தி ஒன்றைத் திறந்து கொடுத்தேன். இடது கை பலகையில் ஓடியது, வலது கை கீபோர்டில் தட்டியது. நான் திரையில் அந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அவர் முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்து, அதில் ஒரு சொல்லை மாற்றி, மாற்றியது பிடிக்காமல் பழையதையே திரும்பப் போட்டிருந்தார். அந்த நிமிடத்திலிருந்து அவரை என் மனத்தில் மொழிபெயர்ப்பாளர் என்றுதான் அழைத்தேன்.

"வேகமா வருதே" என்றேன்.

"வேலை எனக்குத்தான் மேடம். எந்த ரூம்ல நாற்காலி போடுறதுன்னு மட்டும்தான் அவங்க முடிவு பண்ணணும்."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு" என்றார் அக்கா. "இவன் பேச்சைக் கேட்டு ஏமாந்துடாதம்மா. போன வருஷமும் இதேதான் சொன்னான். வேற மையம். நான் வெளியில மரத்தடியில உட்கார்ந்திருக்கேன். பாதி நேரம்கூட ஆகல, தொரை தடியைத் தட்டிக்கிட்டு வர்றாரு. என்னடான்னு கேட்டா, 'படிக்கல அக்கா'ங்கறான். கொஞ்சமாவது கூசணுமே!"

மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

"இந்தத் தடவையோட வயசு வரம்பு முடியுது. இதையும் விட்டா அப்புறம் விண்ணப்பமே போட முடியாது. பெட்டி மேல பழி போடலாம்னா அதுக்கும் வழியில்ல. பழசுதான், ஆனா நாலு பேர்கிட்ட காட்டித்தான் வாங்கினேன். இதுக்காக எத்தனை ஞாயித்துக்கிழமை டபுள் டூட்டி பாத்தேன் தெரியுமா? பெட்டி தங்கம்மா. குறை இருந்தா அது இவன் மண்டையிலதான்."

அக்கா பலகையின் விளிம்பைப் புறங்கையால் துடைத்துவிட்டார். அதில் தூசி எதுவும் இல்லை.

அப்போது அக்காவின் ஃபோன் அடித்தது. டிப்போவிலிருந்து. பரீட்சை அன்றைய பணியை யாருக்கோ மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் தேயும்வரை மொழிபெயர்ப்பாளர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எதாவது பிரச்சினையா?" என்றேன்.

"இல்ல மேடம். கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாக்கிறேன்."

ஒத்திகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது அழுத்திப் பார்ப்பார்கள். கீபோர்டை முழுக்கத் தட்டுவார்கள், மவுஸை வட்டமடிப்பார்கள். எதையும் தொடாமல் சோதித்தவரை அன்றுதான் பார்த்தேன். நானும் பக்கத்தில் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்குக் கஷ்டமே இல்லாத வேலை.

சில நிமிடம் போயிருக்கும். லேசாக ஒரு சத்தம், பிடி மணலைக் காகிதத்தில் கொட்டியதுபோல. எல்லா முனைகளும் உள்ளே விழுந்துவிட்டன. அவர் கையை நீட்டிப் பலகையைத் தடவினார். மொழுமொழுவென்று இருந்தது. ஓரத்துப் பொத்தானை அழுத்தினார். எதுவும் எழவில்லை.

அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

"அக்கா பக்கத்துல இருக்காளா?"

"வெளிய பேசிட்டு இருக்காங்க."

"அவகிட்ட சொல்லாதீங்க. வீட்லயும் அப்பப்ப இப்படி ஆகும். பிடுங்கிச் செருகினா எழுந்துக்கும். பழைய பெட்டி, இதயம் கொஞ்சம் வீக்கு. நான் பாத்துக்கிறேன்."

"எப்போ ஆகும்? படிக்கும்போதா?"

"படிச்சா ஆகாது. யோசிச்சாத்தான் ஆகும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. படிக்கும்போது வரிக்கு வரி பொத்தானை அழுத்துகிறார். தட்டச்சு செய்யும்போது வரி மாறி முனைகள் அசைகின்றன. ஒரு கடினமான வாக்கியம் வந்து, கை ஓய்ந்து, மனம் மட்டும் வேலை செய்யும்போது போர்ட்டில் ஒரு அசைவும் இல்லை.

"போன வருஷமும்..." என்று ஆரம்பித்தேன்.

"போன வருஷம் நான் படிக்கல மேடம்" என்றார் சட்டென்று. புன்னகை அப்படியே இருந்தது. கைகள் மட்டும் பலகையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டன.

நான் மேலே கேட்கவில்லை. அவரை எழச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். இடது போர்ட், அதன் பண்புகள், மின்சாரம் என்ற பக்கம். அங்கே ஒரு சின்னக் கட்டம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கச் சிஸ்டத்துக்கு அனுமதி. கட்டத்தில் டிக் இருந்தது.

அது யாரும் போட்ட டிக் இல்லை. எல்லாச் சாதனத்துக்கும் பிறவியிலேயே இருப்பது. மவுஸை அப்படித் தூங்க வைத்தால் தொட்டதும் விழித்துக்கொள்ளும். இந்தப் பலகை அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பு பிறந்தது. விளக்கை அணைத்தால் செத்துப்போனதாகவே நினைத்துக்கொள்ளும். பிடுங்கிச் செருகினால்தான் புது ஜென்மம். யாரை உள்ளே விடுவது என்று நான் பட்டியல் போட்டிருந்தேன். உள்ளே வந்தவர்களை யார் எப்போது அணைக்கலாம் என்று பார்க்கவில்லை.

டிக்கை எடுத்தேன்.

"பெட்டியில குறை எதுவும் இல்ல" என்றேன். "சிஸ்டம்தான் கரண்டைக் குறைக்குது. உங்க வீட்டு கம்ப்யூட்டரும் அதைத்தான் பண்ணுது."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது."

"நிரூபிக்க முடியுமா?" என்றார். குரலில் இருந்த வேடிக்கை போய்விட்டிருந்தது.

"முடியும்."

ஆனால் நிரூபித்து என்ன பயன்? இந்தக் கணினியை அணைத்தால் டிக் திரும்ப வந்துவிடும். மாஸ்டரில் எடுத்தால்தான் பரீட்சை அன்று இருக்காது. நான் பூட்டு சாரைக் கூப்பிடப் போனேன். வழக்கமாக அவர் அறைக் கதவருகே நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பேன். அன்று தட்டிவிட்டு உள்ளேயே போய்விட்டேன்.

"சார், சீலைத் திறக்கணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் நாற்காலியைத் திறக்கணும் என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு விநோதமாக இருந்திருக்காது.

கூடத்துக்கு வந்தபோது அக்காவும் ஃபோனை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். மறைக்க இனி இடமில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன். என் காலடிச் சத்தம் வந்த பக்கமாக அவர் மெல்லத் தலையசைத்தார். நிரூபிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கணினியை அணைத்துப் போட்டேன். டிக் திரும்ப வந்திருந்தது. பலகையின் முனைகள் எழுந்தன.

"இப்ப யாரும் எதையும் தொடக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்."

"பேசலாமா?" என்றார் அக்கா.

"பேசலாம்."

"அப்ப சரி." ஆனால் பூட்டு சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டார். நால்வரும் ஒரு பெட்டியைப் பார்த்தபடி நின்றோம். ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது. அக்கா தன் பையின் வாரை இழுத்தார், விட்டார். ஒரு தடவை விசிலை எடுத்து உதட்டருகே கொண்டுபோய், நினைவு வந்து கீழே விட்டார்.

முனைகள் விழுந்தன.

"ஐயோ, பெட்டி போச்சா?" அக்கா பாய்ந்து வந்தார். "நல்லாத்தானே இருந்துச்சு! டேய், என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா. அதான் பிரச்சினை."

"பதறாதீங்க" என்றார் பூட்டு சார். "இதுக்கா சீலைத் திறக்கணும்? கண்காணிப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா, பிடுங்கிச் செருகிட்டுப் போறாங்க." அவரே குனிந்து வயரைப் பிடுங்கிச் செருகினார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அங்கே வந்திருந்ததைச் சத்தமாகப் படித்தார். "இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை."

மொழிபெயர்ப்பாளரின் தோள்கள் ஒரு கணம் இறுகின. அந்த வாசகத்தை அவர் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"பக்கத்துப் போர்ட்ல செருகிட்டீங்க சார்" என்றேன். "பக்கத்துப் போர்ட்டுக்கு அனுமதி வேண்டாம்னு சொன்னீங்களே. மேசைக்குக் கீழ, அவசரத்துல, எது இடது எது வலதுன்னு யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. பூட்டு சார் கோபப்படவில்லை. தன் பூட்டு தன்னையே பிடித்ததில் அவருக்குப் பாதி எரிச்சல், பாதி பெருமை.

"நல்லா வேலை செய்யுது" என்றார்.

வயரை இடது போர்ட்டுக்கு மாற்றினேன். டிக்கை எடுத்தேன். மறுபடி நால்வரும் நின்றோம். இந்த முறை அக்காவால் முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"முன்ன விழுந்த நேரம் தாண்டிடுச்சு. இன்னும் அவ்வளவு நேரம் பாக்கலாம்."

"கூட்ட நேரத்துல பஸ்ஸுக்குள்ள நிக்கிறதுகூட இவ்வளவு கஷ்டமா இல்லடி யம்மா."

முனைகள் விழவில்லை. பூட்டு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், குனிந்து போர்ட்டையும் ஒரு தடவை பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கை நீட்டி வரியைத் தொட்டார். தொட்ட விரல் நகரவே இல்லை. ஒரே எழுத்தின் மேல் வெகுநேரம் இருந்தது.

"அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல. எல்லா இடத்துலயும் சிஸ்டம்தான் அணைச்சிருக்கு."

"நான்தான் சொன்னேனே தங்கம்னு" என்றார் அக்கா. "இதைக் கண்டுபிடிக்க இத்தனை பேரா?" பலகையின் விளிம்பை மறுபடி துடைத்துவிட்டார்.

பூட்டு சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் விதி பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"நீ சொல்றது சரிம்மா. எனக்கும் புரியுது. ஆனா சீல் என் வீட்டு அலமாரி இல்ல, நினைச்சா திறக்க. ஒருத்தருக்காகத் திறந்தா மத்தவங்க கேப்பாங்க, அந்த நேரத்துல உள்ள என்ன மாத்தினீங்கன்னு. கேட்டா என்கிட்ட பதில் இருக்கணும்."

"ஒரு டிக் சார்."

"நாளைக்கு இன்னொருத்தர் ஒரே ஒரு ஃபைல்னு வருவார்." அவர் மொழிபெயர்ப்பாளரின் பக்கம் திரும்பினார். "தம்பி, யோசிக்கும்போது அப்பப்ப அந்தப் பொத்தானை ஒரு தட்டு தட்டிக்க முடியாதா? தூங்காம இருக்கும்ல?"

"தட்டினா வரி மாறிடும் சார். எந்த வாக்கியத்தை யோசிக்கிறேனோ அது கையை விட்டுப் போயிடும்."

"தூக்கம் வராம இருக்க ஹார்ன் அடிச்சுக்கிட்டே ஓட்டுன்னு டிரைவர்கிட்ட சொல்வீங்களா சார் நீங்க?" என்றார் அக்கா. "அப்புறம் ரோட்டை யாரு பாக்கிறது?"

பூட்டு சாருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டார்.

"அன்னைக்குக் காலையில நான் இந்த ஒரு கணினியில மட்டும் டிக்கை எடுத்துடட்டுமா சார்?" என்றேன்.

"ஒத்திகைன்னா சரி. பரீட்சை அன்னைக்குச் சீலைத் திறக்காம செட்டிங்கைத் தொடுறதா? அது இதைவிடப் பெரிய தப்பு. உன் வேலை போகும், இவரோட விடைத்தாளும் செல்லாமப் போகும்."

அது உண்மை. தொழில் தெரிந்தவரைக்கும்தான் எனக்குப் பேச்சு.

"ஒரு வழி இருக்கு" என்றார் பூட்டு சார். விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிச் சொன்னார். "இதே கோளாறால் இதற்கு முன் ஒரு தேர்வில் ஒரு தேர்வர் எழுத முடியாமல் போயிருந்தால், அவர் நேரில் சொன்னால், மேலாளர் சீலைத் திறக்கலாம்." கண்ணைத் திறந்தார். "ஒத்திகையில நடந்தது கணக்குல வராது. பரீட்சையில நடந்திருக்கணும். அப்படி யாரையாவது உனக்குத் தெரியுமாம்மா?"

அவர் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அது என்னிடம் யாரும் சொன்ன விஷயம் இல்லை. ஊகம்தான். அதுவும் வேறொருவர் ஒரு வருடமாக மூடி வைத்திருப்பது. என் பட்டியலில் இல்லாத கதவு.

நான் பேசாமல் நின்றேன். மற்ற நாட்களில் பயத்தால் வாய் மூடியிருக்கும். அன்று பயம் இல்லை.

"எங்க போய்த் தேடுறது அப்படி ஒருத்தரை?" என்றார் அக்கா. "சார், நீங்க பெரிய மனுஷர், கொஞ்சம் பாருங்க. இவன் போன வருஷம் பொறுப்பில்லாம போய் உட்கார்ந்தான்தான். நான் இல்லைங்கல. ஆனா இந்த வருஷம் நிஜமாவே படிச்சிருக்கான். நான் டூட்டி முடிஞ்சு வந்தா வாசல் வரைக்கும் கேக்கும், தட்டுற சத்தம். அந்தத் தப்புக்காக இந்தத் தடவையும்..."

"அக்கா" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நீ சும்மா இரு. நான் பேசிட்டு இருக்கேன்ல."

"அக்கா, கொஞ்சம் உட்காரு."

அவர் சொன்ன விதத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கையில், தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு.

மொழிபெயர்ப்பாளர் பூட்டு சாரின் பக்கம் நேராகத் திரும்பினார். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிறவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. முனைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன.

"அந்தத் தேர்வர் நான்தான் சார். போன வருஷம் ரெண்டாவது பத்தி. ஒரு வாக்கியம் பிடிபடல, யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாம் விழுந்துடுச்சு. கையைத் தூக்கினேன். கண்காணிப்பாளர் வந்து பிடுங்கிச் செருகினார். இப்ப நீங்க படிச்சீங்களே, அதையே அவரும் படிச்சார், அனுமதி இல்லைன்னு. வேற வழியில்லைன்னுட்டார். எழுந்து வந்துட்டேன்."

பூட்டு சார் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதாமல் கையில் வைத்துக்கொண்டார்.

நாள் முழுக்க ஓடும் பேருந்தில் கத்திக் கத்திப் பழகிய அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. தம்பி அக்கா பக்கம் திரும்பினார். அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

"நான் படிச்சிட்டுத்தான்கா போனேன். நீ வாங்கிக் குடுத்த பெட்டி பழுதுன்னு உன்கிட்ட சொல்ல வாய் வரல."